திருப்பி வாங்கிய புதினா

என் ஆசை மச்சான் ஏழுமலைக்கு,

எப்படிப்பா இருக்கிறாய்? போன இடத்தில் வேளாவேளைக்குச் சோறு கிடைக்கிறதா? உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறதா? அங்கேயும் ஷிப்ட்டு உண்டா, இல்லை எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதானா? இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உன் பெண்டாட்டி, என் தங்கை சகுந்தலா, நீ போன மழைக்குப் பிறகு ரொம்ப இளைத்துப் போனாள். இப்போது தேறிவிட்டாள். நேற்றுகூட என்னோடு சண்டை போட்டாள். அதிலேயே தெரிந்துகொள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் சம்சாரம் பத்மாதான் எழுதுகிறாள். நான் 'கீது' என்றால் அவள் 'இருக்கிறது' என்று எழுதுகிறாள். "அண்ணனோட வருஷப் படையலுக்கு வர்றவங்க முன்னாடி படிக்கறது, கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்" என்கிறாள். அதனால் இதில் எங்காவது நான் பெரிய படிப்பாளி மாதிரி தெரிந்தால் பயந்துவிடாதே. ஜனங்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உன் கழனிக்குக் கிழக்கே கல் நட்டு மனை போட்டார்களே, அங்கெல்லாம் வீடு எழும்பிவிட்டது. ஒரு வீட்டுக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்கு ரோஸ். யாரும் வெள்ளானூர்க்காரர்கள் இல்லை. பாடியில் கம்பெனி வேலை, அம்பத்தூரில் கம்பெனி வேலை, அதற்காக வந்து குடியிருக்கிறவர்கள். ஆவடி பஸ்காரன் உன் கழனி ஓரத்தில் நிறுத்துகிறான். கண்டக்டர் என்ன சொல்லிக் கூவுகிறான் தெரியுமா? "ஏழுமலை கழனி எறங்கு!" நீ உயிரோடு இருந்தபோது ஓடுகிற பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தினால் திட்டுவான். இப்போது உன் பேரைச் சொல்லி நிறுத்துகிறான்.

பத்மா பேனாவால் தட்டுகிறாள். "பஸ்ஸு கதைய உட்டுட்டு விசயத்துக்கு வா" என்கிறாள். வருகிறேன். உன் கழனியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். புதிதாய் வந்தவர்களுக்கு அந்த மண்ணின் கதை தெரியாது. உனக்கு எழுதுகிற சாக்கில் அவர்கள் காதிலும் விழட்டும்.

கழனிக்கு மேலண்டைப் பக்கம் முலாம் பட்டறை வந்தது. சைக்கிள் ஹேண்டில்பாரையும் கதவுத் தாழ்ப்பாளையும் முக்கி எடுத்துப் பளபள என்று ஆக்குகிற பட்டறை. கழுவின தண்ணீரை ஓடையில் விட்டார்கள். அது ஒரு நாள் பச்சையாக ஓடும், ஒரு நாள் மஞ்சளாக ஓடும். அதைப் பார்த்து நீ சொன்னாய்: "இன்னா மச்சான், ஓடையில ஹோலி ஆடறானுங்களா?" அடுத்த வருஷம் உன் புதினா வெளுத்துப்போனது. கொழுந்து மஞ்சள், கீழே இலை ஓரத்தில் கருகல். எரு போட்டாய், பிண்ணாக்குப் போட்டாய். விரல் உயரத்துக்கு மேல் வரவில்லை.

உன் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. புதினாவில் முதல் அறுப்பை விற்கக் கூடாது. கூடையில் வைத்துத் தெரு முழுக்க வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். இரண்டாம் அறுப்புதான் மார்க்கெட்டுக்குப் போகும். உன் அப்பா செய்தார், நீயும் செய்தாய். செடி வெளுத்த பிறகு கூடை பரண் ஏறிவிட்டது. கம்பெனியில் ஷிப்ட்டு முடிந்து நீ சைக்கிளில் தெருவுக்குள் வரும்போது எங்கள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா வாசலில் நின்று கேட்பாள்: "இன்னாடா ஏழுமல, இந்த வருசமும் தொவையலுக்குத் தேங்காதானா?" விளையாட்டுக்குத்தான் கேட்டாள். ஆனால் நீ தலையைக் குனிந்துகொண்டு மிதிப்பாய்.

அப்போதுதான் டீச்சரம்மா வந்தாள். காலேஜில் செடி கொடி பாடம் நடத்துகிறவள். ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்க வந்தவள், உன் கழனியைப் பார்த்துவிட்டு வரப்பிலேயே நின்றாள். மண்ணை எடுத்துப்போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"உங்க மண்ணுல நிக்கலும் குரோமியமும் ஏறியிருக்கு. அதான் செடியால தாங்க முடியல. செடி உடம்புலயே வளர்ச்சிக்கு ஹார்மோன்னு ஒண்ணு சுரக்கும். அதை நாம வெளியிலேருந்து கொஞ்சம் தெளிச்சா, இந்த மண்ணுலயும் தாக்குப்பிடிக்குதான்னு பாக்கணும்."

"நம்ம உடம்புல சுரக்குதே, அத்தமாரியா மேடம்?"

"கிட்டத்தட்ட அதே மாதிரிதான்."

"அப்போ செடிக்கும் மீசை மொளைக்குமா?"

டீச்சரம்மா சிரித்த சிரிப்பில் கொக்கு பறந்துபோனது. உன்னிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். யாராக இருந்தாலும் முதல் வார்த்தையிலேயே சிரிக்க வைத்துவிடுவாய். என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அப்பாவையே சிரிக்க வைத்தவன் நீ. அவர் பல் தெரிந்து நாங்களே அன்றைக்குத்தான் பார்த்தோம். சரி, சரி, பத்மா முறைக்கிறாள்.

அந்த மருந்து வெள்ளைப் பொடி. நேராகத் தண்ணீரில் கரையாது. கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டு, பிறகுதான் தண்ணீரில் விட வேண்டும். டீச்சரம்மா பாட்டிலைத் திறந்ததும் வாசனை தெரு வரைக்கும் போனது. கோவிந்தம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏண்டா, நீ குடிக்கறத உட்டுட்டு செடிக்கு ஊத்திக் குடுக்கறியா?"

"ஆமாக்கா. அதுங்களுக்கும் ஒடம்பு வலியாம்."

டீச்சரம்மா வரிசை பிரித்தாள். சிவப்புத் துணி கட்டின குச்சி நட்ட வரிசைக்கு மருந்து. வெள்ளைத் துணி வரிசைக்கு வெறும் தண்ணீர். "வெள்ளைத் துணி வரிசையை அப்படியே விட்டுடணும் ஏழுமலை. அது மருந்தில்லாம எப்படி இருக்குன்னு பாத்தாத்தான், மருந்து என்ன செஞ்சதுன்னு தெரியும்." நீயும் "சர்தாங்க மேடம்" என்று தலையாட்டினாய். கலந்த மருந்தை உன்னிடமே கொடுத்துவிட்டு, "நான் வராத வாரம் நீங்க அடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிவப்புத் துணி வரிசை நிமிர்ந்தது. இலை அகலமானது, பச்சை ஏறியது. நீ ஷிப்ட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுத்தான் போவாய். வெள்ளைத் துணி வரிசை மட்டும் பழையபடி மஞ்சளாகச் சுருண்டு நின்றது. அதைக் கடக்கும்போது உன் முகம் போகிற போக்கைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் தனியாக நிறுத்திவைத்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாய்.

இரண்டு மூன்று வாரம் வராமல் இருந்து டீச்சரம்மா வந்தாள். கழனி முழுக்க ஒரே பச்சை. அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். குச்சியைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள்.

"ஏழுமலை, இதுக்கும் அடிச்சீங்களா?"

நீ துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே பதில் சொன்னாய். "ஒரே பந்தியில குந்த வெச்சி, இந்த எலைக்கு சோறு போட்டு அந்த எலையை சும்மா உட்டா, பரிமாறுறவனுக்கு மனசு கேக்குமா மேடம்? காலையில போறப்போ அதுங்க என்னையே பாக்குதுங்க."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். வரப்பில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்குத் துடைத்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எழுந்து கொஞ்சம் இலையைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு, "மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். பரவால்ல. ஆனா லேப்ல பாத்துட்டு நான் சொல்ற வரைக்கும் யாருக்கும் சாப்பிடக் குடுக்காதீங்க" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தை உன் காதில் விழவில்லையா மச்சான்? விழுந்தது. ஆனால் கண்ணுக்கு முன்னால் பச்சை நின்றது. மஞ்சள் போனால் வியாதி போச்சு என்று நினைத்தாய். நான் மட்டும் வேறு என்ன நினைத்தேன்? தெருவில் எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடையைப் பரணிலிருந்து இறக்கினாய். சகுந்தலா கழுவி மஞ்சள் தடவி வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சரம்மா பொறுக்கச் சொன்னாங்களே. வந்து ஒரு வார்த்த சொல்லட்டுமேயா."

"ஏய், ஜொரத்துல கீறவன் மூஞ்சி எது, எழுந்து குந்திகினு கஞ்சி கேக்கறவன் மூஞ்சி எதுன்னு எனுக்குத் தெரியாதா? வந்து பாரு, எப்டி சிரிச்சிகினு கீதுன்னு."

அறுத்தாய். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாய். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! முதல் கட்டு எங்கள் வீட்டுக்கு, அடுத்தது கோவிந்தம்மாவுக்கு, அப்படியே தெருக்கோடி வரைக்கும். கோவிந்தம்மா கட்டை மூக்கில் வைத்து இழுத்துவிட்டு, "பொழச்சிகிச்சிடா ஏழுமல" என்றாள். கூடை காலியாகி, நீயும் நானும் கழனிக்குத் திரும்பினோம். நீ விசில் அடித்துக்கொண்டு வந்தாய்.

அப்போதுதான் டீச்சரம்மா பஸ்ஸை விட்டு இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக வந்தாள். அறுத்துவிட்ட அடித்தண்டைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"குடுத்துட்டீங்களா?"

"இப்பத்தாங்க மேடம். தெருவுக்கே."

"இலையில உலோகம் இருக்கு ஏழுமலை. சாப்பிடற அளவு இல்ல, அதுக்கு மேல."

"பச்சையா கீதே மேடம்!"

"பச்சையா இருக்குங்க. மருந்து, செடிக்குத் தாங்குற தெம்பைக் குடுத்திருக்கு. ஆனா மண்ணுல இருக்கறது வேர் வழியா ஏறி இலைக்கு வந்துட்டுதான் இருக்கு. செடி கஷ்டப்படறது நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

நீ மீந்து நின்ற செடியில் ஒரு இலையைக் கிள்ளித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு மெதுவாகக் கேட்டாய். "மருந்து அடிச்சதாலதான் ஏறிச்சா மேடம்? இல்ல, அடிக்காட்டியும் ஏறியிருக்குமா?"

"அதைச் சொல்லத்தான் அந்த வெள்ளைத் துணி வரிசை" என்றாள். குத்திக் காட்டவில்லை. இருக்கிறதைச் சொன்னாள். நீ குச்சியைப் பார்த்தாய், அதில் காற்றில் ஆடுகிற துணியைப் பார்த்தாய். அந்த மஞ்சள் செடி மட்டும் மஞ்சளாகவே நின்றிருந்தால் தெருவில் ஒருத்தரும் கட்டை வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது அப்போது எனக்கே புரிந்தது. உனக்குப் புரியாமல் இருக்குமா?

காலிக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாய். நான் பின்னால் ஓடிவந்தேன். நேராக எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்தாய். பத்மா அம்மியில் துவையலை வழித்துக்கொண்டிருந்தாள். நீ குனிந்து அம்மியோடு சேர்த்துத் துடைத்து எடுத்துக் கூடையில் போட்டாய்.

"இன்னாண்ணா இது! ஆக்கற ஊட்ல பூந்துகினு! புளியெல்லாம் வெச்சி அரைச்சிட்டேனே!"

"புளியும் போவட்டும்மா. கட்டு மீதி எங்க?"

இதை எழுதும்போது பத்மா நிறுத்திவிட்டு, "அன்னிக்கு உப்புகூட சரியா வந்திச்சி" என்கிறாள். அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் இருக்கிறது.

அடுத்து கோவிந்தம்மா வீடு. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவனை நம் பக்கத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? அதுவும் முதல் அறுப்பை? நான் கேட்கிறேன் என்று கூடையைப் பிடித்தேன். நீ கொடுக்கவில்லை.

"குடுத்த கைய நீட்டித் திருப்பிக் கேக்கறியே, உனுக்கு வெக்கமா இல்ல?" என்றாள் அவள்.

"கீதுக்கா. வெக்கமாத்தான் கீது. குடுத்துடு."

அவள் உள்ளே போய்க் கட்டைக் கொண்டுவந்து போட்டாள். அடுத்த வீட்டில் சிரித்தார்கள். அதற்கடுத்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், நீ வாசலிலேயே நின்றாய். ஒரு வீட்டில் துவையல் அரைத்துச் சாப்பிட்டே விட்டார்கள். டீச்சரம்மா கூடவே வந்து, "ஒரு வேளை சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுங்க, தினம் சாப்பிடறதுதான் தப்பு" என்று சொன்னாள். இருந்தாலும் நீ சும்மா இருந்தாயா? காலையில் எழுந்ததும் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாய். "வவுறு எப்டி கீது?" தினமும் இதே கேள்வி. கடைசியில் அந்த ஆள் கும்பிட்டே விட்டான். "அண்ணாத்தே, உன் புதினா ஒண்ணும் பண்ணல, நீதான் வவுத்தக் கலக்கற!"

திருப்பி வாங்கினதையும், கழனியில் மீந்ததையும் டீச்சரம்மா சாக்கில் கட்டி எடுத்துப்போனாள். காலேஜில் ஆவியில் வேகவைத்து எண்ணெய் இறக்கினார்களாம். சுண்டுவிரல் அளவு சீசாவில் கொண்டுவந்து காட்டினாள். எண்ணெயில் உலோகம் வரவில்லை, அது வெந்த தழையிலேயே தங்கிவிட்டது என்றாள். அவள் முதலிலிருந்தே தேடினது அதுதானாம். சாப்பிடுகிற பயிர் வைக்க முடியாத மண்ணில் வாசனைக்கு ஏதாவது வைத்துப் பிழைக்க முடியுமா என்று. நாம்தான் துவையலுக்கு வழி சொல்ல வந்தவள் என்று நினைத்துக்கொண்டோம். நீ சீசாவைத் திறந்து மூக்கில் வைத்துவிட்டுச் சொன்னாய்: "வாசனை மட்டும் தப்பிச்சிகினு வந்துடிச்சி மேடம்."

புதினாவைப் பிடுங்கிவிட்டு மரிக்கொழுந்து வைத்தாய். அதை யாரும் தின்பதில்லை. தலையில் வைப்பார்கள், மாலையில் கட்டுவார்கள். திருவேற்காட்டுப் பூக்கடைகளுக்கு நீயே சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுவாய். மறுபடி சிவப்புத் துணி, வெள்ளைத் துணி. இந்தத் தடவை வெள்ளைத் துணி வரிசைக்குத் தண்ணீர் விடுகிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டாய். "நீ கல்லு மனசுக்காரன் மச்சான், நீயே பாத்துக்க." அந்த வரிசை வரும்போது முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பாய். அதைப் பார்த்து நான் எத்தனை நாள் சிரித்திருக்கிறேன்.

அந்த மரிக்கொழுந்து இரண்டாம் தடவை தழைக்கும்போது மழை பிடித்தது. ஷிப்ட்டு முடிந்து வந்தவன், நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தாய். அவ்வளவுதான். அந்த மண்ணும் தண்ணீரும் உன்னை ஏதாவது செய்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை, இது வேறு என்றார். அப்படித்தானா மச்சான்?

நீ கேட்டு வைத்துவிட்டுப் போன கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். டீச்சரம்மா போன மாசம் வந்திருந்தாள். ஒரு மருந்து அடித்தால் இலைக்கு ஏறுகிற உலோகம் குறைகிறதாம். இன்னொரு மருந்துக்குச் செடி நன்றாக வளர்ந்து, இன்னும் அதிகமாக உறிஞ்சுகிறதாம். செடிக்குச் செடி வேறு மாதிரியாம். "ஏழுமலைகிட்ட அன்னிக்கு என்னால சொல்ல முடியல. இன்னிக்கும் முழுசா சொல்ல முடியல" என்றாள். உன் போட்டோ முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அவளும் கொஞ்சம் நரைத்துவிட்டாள்.

பட்டறை ஓடுகிறது. ஓடைக்கு மேலே பலகைக்கல் போட்டு மூடிவிட்டார்கள், அதனால் தண்ணீர் என்ன நிறத்தில் போகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. உன் கழனியில் மரிக்கொழுந்து நிற்கிறது. சகுந்தலாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். ஒரே ஒரு தொந்தரவு. புதினா வேர் போன பாடில்லை. ஒவ்வொரு மழைக்கும் வரப்போரத்தில் கிளம்பி வருகிறது. அதுவும் மரிக்கொழுந்துக்கு அடிக்கிற மருந்து சிதறி அதன்மேலும் படுகிறதா, கண்ணைப் பறிக்கிற பச்சை. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதே அதுதான். பத்மா ஒரு பலகையில் 'இது சாப்பிடக் கூடாது' என்று எழுதி வைத்தாள். மழை அழித்துவிட்டது.

வீடு வீடாகக் கூடை தூக்கி நடந்தவன் நீ. அந்த வெட்கத்தை நீ ஒருத்தனே சுமந்தாய். அதை வீணாக்க மாட்டேன் மச்சான். என் காலும் கையும் இருக்கிற வரைக்கும், டீச்சரம்மா சரி என்று சொல்கிற வரைக்கும், அந்த மண்ணில் முளைத்த ஒரு இலை ஒருத்தர் வாயில் போகாது. முளைக்க முளைக்கப் பிடுங்குவேன். கேட்கிறவர்களுக்குச் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
கன்னியப்பன்.

கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் இன்னொன்று ஞாபகம் வருகிறது. உன் சைக்கிளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அதற்குப் பின்சக்கரம் மாற்றி இப்போது நான்தான்... இரு மச்சான், கழனியிலிருந்து சகுந்தலா கத்துகிறாள்.

"ண்ணா! ஓடியா! மஞ்ச ஊட்டுக்காரம்மா வரப்புல குந்திகினு புதினா கிள்ளுது! மடி ரொம்பிகினு கீது! சொன்னா, 'இவ்ளோ பச்சையா கீதே, இதுல இன்னா'ங்குது!"

பத்மா, எழுதுவதை நிறுத்து, அந்தக் கூடையை எடு. மச்சான், நான் போய் அந்தம்மா மடியிலிருந்து